நோயை முன்னறிதல் சிராவகர் கடமை



திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் இரமணாசிரமம் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த பகுதியில் மலைவலம் வருவோரும், தியானம் பயில்வோரும், வெளிநாட்டு அன்பர்களும் ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பர். 'நான் யார்?' என்னும் வினாவும், 'நான் உடலல்லேன்' என்னும் விடையும் இங்குத் தெருவெங்கும் பேசப்படுவன. உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் ஜினதருமத்துக்கும் அடிப்படையான கொள்கையே.

ஆயினும் இவ்வுயர்ந்த கருத்து நம் இல்லங்களில் சில வேளைகளில் தகாத இடத்தில் எடுத்தாளப்படுகிறது. மார்பில் சிறு கட்டி தென்பட்ட தாய், "இந்த உடம்பு என்றைக்கிருந்தாலும் போவதுதானே" என்று சொல்லி ஓராண்டைக் கடத்துகிறார். அடிக்கடி மயக்கம் காணும் தந்தை, "இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள்; பார்க்காமல் இருப்பதே நிம்மதி" என்கிறார். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரிய, ஊரில் தனித்திருக்கும் பெரியோர் பலரிடம் இப்பேச்சு உண்டு. இது வைராக்கியமா, அன்றி அச்சம் உடுத்திக்கொண்ட வேடமா என்பதை நாம் ஆராய வேண்டும். இதில் அடங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் வாழ்வும், சில வேளைகளில் ஓர் உயிரும் ஆகும்.

ஆசிரமத்தில் நிகழ்ந்தது

உடற்பற்றின்மைக்குச் சான்றாக இப்பகுதியில் எல்லோரும் காட்டுவது இரமண மகரிஷியின் இறுதிக் காலத்தையே. ஆதலின் அங்கு நிகழ்ந்தது என்ன என்பதை முறையாக அறிவது நன்று.

1948ஆம் ஆண்டின் இறுதியில் மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி ஒன்று காணப்பட்டது. 1949 பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர் அதனை அறுத்து நீக்கினார். ஒரு மாதத்திற்குள் அது மீண்டும் தோன்றியது. மார்ச் இறுதியில் சென்னையிலிருந்து வந்த மருத்துவர் இரண்டாம் முறை அறுவை செய்தார். சார்கோமா என்னும் புற்றுநோய் அது என்று தெளிவாயிற்று. ரேடியம் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. கையை நீக்கிவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது மகரிஷி அதற்கு இசையவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது அறுவையும், டிசம்பரில் நான்காவது அறுவையும் நடைபெற்றன. நாட்டு மருத்துவம், ஹோமியோபதி என அன்பர்கள் விரும்பிக் கொணர்ந்த சிகிச்சைகளையும் அவர் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்குத் தம் 70ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மகரிஷி மருத்துவரைக் காண மறுக்கவில்லை. கட்டி காட்டப்பட்டது, நீக்கப்பட்டது, இன்ன நோய் என்று அறியப்பட்டது. கையை இழக்க வேண்டாம் என்னும் முடிவு, நோய் இன்னதென்று அறிந்த பின்னரே எடுக்கப்பட்டது. அறிந்து துறத்தல் வேறு. அறியாமல் விட்டுவிடுதல் வேறு. இரண்டாவது, அவர் துறவி. மனைவி மக்களைத் தாங்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. மூன்றாவது, அக்கால மருத்துவத்தின் எல்லை. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவை அப்போது இல்லை. இன்று கைகால்களில் தோன்றும் சார்கோமாவுக்குப் பெரும்பாலும் உறுப்பை நீக்காமலேயே அறுவையும் கதிர்வீச்சும் இணைத்துச் சிகிச்சை செய்கின்றனர்.

தம் தங்கையை 1923இல் மலக்குடற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு முயன்று சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியது 1954ஆம் ஆண்டில்தான். அதாவது மகரிஷி மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து. 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிலையம் இன்று நாடறிந்த மருத்துவமனையாக விளங்குகிறது. ஆகவே 1949இன் நிலையை வைத்து இன்றைய நோயாளியின் முடிவைக் கணித்தல் பொருந்தாது.

இரு நயங்கள்

நம் மாவட்டத்திலேயே, வந்தவாசிக்கு அருகில், குந்தகுந்த ஆசாரியர் தவம் செய்த இடமாக நாம் போற்றும் பொன்னூர் மலை உள்ளது. அவர் அருளிய சமயசாரம், ஆன்மாவை நிச்சய நயம், வியவகார நயம் என்னும் இரு நோக்கில் விளக்குகிறது. நிச்சய நயத்தால் உயிர் உடலன்று. வியவகார நயத்தால் உயிரும் உடலும் பாலும் நீரும்போல் கலந்து நிற்கின்றன. உண்பதும், உழைப்பதும், தானம் செய்வதும், நோன்பு நோற்பதும், மக்களை வளர்ப்பதும் இந்த இரண்டாவது நிலையிலேயே நடைபெறுகின்றன.

வயலில் களை முளைத்தால் பறிக்கிறோம். வீட்டுக் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுகிறோம். மகளின் திருமணத்திற்குப் பொன் சேர்க்கிறோம். இங்கெல்லாம் வியவகார நயத்தில் நின்று செயல்படும் நாம், மருத்துவச் சோதனை என்றவுடன் மட்டும் நிச்சய நயத்திற்குத் தாவுவது முறையாகுமா? ஒரு நயத்தை மட்டும் பற்றிக்கொண்டு மற்றதைத் தள்ளுவது ஏகாந்தம் என்னும் குற்றம். அநேகாந்தம் போற்றும் நமக்கு அது பொருந்தாது. உடலின் மேல் பற்று வேண்டா; ஆனால் உடலைக் கருவியாகக் கொண்டு ஆற்ற வேண்டிய அறத்தின் மேல் பொறுப்பு வேண்டும்.

மாற்றில்லாத நோய் எது?

"சல்லேகனை நம் தருமத்தில் உள்ளதே, நோய் வந்தால் அமைதியாக ஏற்பதுதானே நம் நெறி?" என்று சிலர் கேட்பர். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டு உள்ளது. அப்பெரியோரின் உறுதி வணங்கத்தக்கது. ஆனால் சல்லேகனைக்குரிய காலத்தைச் சாத்திரம் வரையறுத்தே கூறியுள்ளது.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகிய நான்கையும் கூறி, அவை மாற்று இல்லாதனவாக இருத்தல் வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துள்ளார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே நாம் ஓதும் அருங்கலச்செப்பு. இங்கு 'மாற்று இல்லாத' என்னும் சொல்லை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரு நோய்க்கு மாற்று உண்டா, இல்லையா என்பது எவ்வாறு தெரியும்? நோய் இன்னது, எந்த நிலையில் உள்ளது என்று சோதித்தால் அன்றோ தெரியும்? சோதியாமல் இருந்து, மாற்று இருந்த நோயை மாற்றில்லாத நோயாக வளரவிட்டு, பின்னர் அதனைத் தவம் என்று சொல்வது சாத்திரத்தின் கருத்து ஆகாது.

சமந்தபத்திரரின் வாழ்வைப் பற்றிய மரபு வரலாறும் இதனையே உணர்த்துகிறது. காஞ்சியோடு தொடர்புடைய அப்பெரியார்க்குப் பஸ்மகம் என்னும் நோய் வந்தது. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி நோய் அது. துறவியின் விரதத்தோடு அந்நோயைத் தாங்க இயலாமையால் அவர் சல்லேகனைக்குத் தம் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு அனுமதி தரவில்லை. துறவுக் கோலத்தைத் தற்காலிகமாக விடுத்து, நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். அவ்வாறே நோய் நீங்கி மீண்ட பின் அவர் தருமத்திற்கு ஆற்றிய தொண்டு பெரிது. மகாமுனிவர்க்கே நோய் தீர்க்கும் வழி முதலில் காட்டப்பட்டதென்றால், இல்லறத்தாராகிய நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஏலாசாரியர் என்னும் குந்தகுந்தர் அருளியதாக நம்மவர் போற்றும் திருக்குறளில், 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம் மருத்துவத்தின் வரிசையை வகுக்கிறது. முதலில் நோய் இன்னதென்று ஆராய்தல்; அடுத்து அதன் காரணம் அறிதல்; பின்னர் தணிக்கும் வழி தேடல். சிகிச்சைக்கு முன்னே நிற்பது ஆராய்ச்சி என்பதை நினைவிற் கொள்வோம்.

ஓசையின்றி வளரும் நோய்கள்

வலி இருந்தால்தான் நோய் என்று நாம் எண்ணுகிறோம். கொடிய நோய்கள் பல தொடக்கத்தில் வலியே தருவதில்லை.

இரத்தக் கொதிப்பு பல்லாண்டு ஒரு குறியும் காட்டாமல் இருந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படக்கூடும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது நோயாகக் கொள்ளப்படும். நீரிழிவும் அத்தகையதே. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் நீரிழிவு. 100 முதல் 125 வரை இருப்பின் நோயின் வாயிற்படி. இந்த வாயிற்படியிலேயே அறிந்துகொண்டால் உணவு, நடை, எடைக் குறைப்பு ஆகியவற்றால் பலர் நோயைத் தள்ளிப்போட இயலும். அறியாமல் விட்டால் சிறுநீரகமும், கண்ணின் விழித்திரையும், பாதத்து நரம்புகளும் ஓசையின்றிக் கெடும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரசின் நீடித்த தொற்று. தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதற்குள் ஒரு முறை சோதித்தாலும் புற்றாவதற்கு முந்திய மாற்றத்தைக் கண்டு அங்கேயே அகற்றிவிடலாம். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர்க்கு வாயில் தோன்றும் வெண்படலமும், ஆறாத புண்ணும் அத்தகைய முன்னறிவிப்புகளே. கண்ணாலும் விளக்காலும் பார்த்தே அறியத்தக்க நோயைப் பாராமல் விடுதல் எவ்வளவு பேதைமை!

திண்டுக்கல் மாவட்டம் காட்டிய உண்மை

முன்னறிதலால் உயிர் பிழைப்பது உண்மையா என்று ஐயுறுவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. அம்பிளிக்கை மருத்துவ நிலையமும் அதில் பங்கு கொண்டது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பர். மாற்றமுற்ற பகுதி வெண்மையாகத் தோன்றும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. தேவைப்பட்டோர்க்கு உடன் சிகிச்சை அளிக்கப்பட்டது.

2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது: இச்சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைக் காட்டிலும், அந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த எளிய சோதனையின் பயன் இது. அப்பெண்கள் நம் ஊர்ப் பெண்களைப் போன்றே வயலிலும் வீட்டிலும் உழைப்பவர்கள். அவர்களுக்கு இயன்றது நம் தாய்மார்க்கும் இயலும்.

எப்பரிசோதனை, எப்போது?

நோய்க்குறி ஏதும் இல்லாதவர்க்கும் தேவையானவற்றை முதலில் கூறுவோம். 30 வயது நிறைந்தோர் அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வயது கடந்த பெண்கள் கருப்பை வாய்ச் சோதனையும், பயிற்சி பெற்றவரிடம் மார்பகச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். மாமோகிராம் எப்போது தேவை என்பதை 40 வயதுக்கு மேல் மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. புகையிலைப் பழக்கம் உள்ளோர், விட்டுவிட்டோர் ஆகியோர் வாய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இவை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி கொதிப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்குப் பணியாளர் வீடு தேடியும் வருகின்றனர். நீரிழிவு உள்ளோர் இவற்றோடு ஆண்டுதோறும் விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகியவற்றையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நோய்க்குறி தோன்றியவர் ஆண்டுச் சோதனைக்குக் காத்திருத்தல் கூடாது. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், அவ்வளவு நாளாகியும் ஆறாத வாய்ப்புண், மலத்தில் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, காரணமின்றி எடை குறைதல், மார்பில் கட்டி, உடலில் எங்கேனும் வளர்ந்துகொண்டே வரும் கட்டி, நீக்கிய பின் மீண்டும் தோன்றும் கட்டி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சார்கோமா போன்ற நோய்க்கு எல்லோர்க்கும் பொதுவான முன்சோதனை இல்லை. அங்கு விழிப்பே சோதனை. நீக்கப்பட்ட கட்டி எதுவாயினும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா, முடிவு என்ன என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை.

எல்லாச் சோதனையும் நன்றா?

சோதனை நல்லதென்றால் எல்லாச் சோதனையையும் எடுத்துவிடலாமே என்று எண்ணுவதும் ஏகாந்தமே. தென்கொரியாவில் புற்றுநோய்ச் சோதனைக்கு வருவோர்க்குத் தைராய்டு ஸ்கேனும் எளிதாகச் சேர்த்துச் செய்யப்பட்டது. அதன் பயனாக, 2011இல் தைராய்டு புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டோர் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் இறப்போர் விகிதம் மாறவில்லை. துன்பம் தராது கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண நேர்ந்தது.

ஆகவே ஒரு சோதனையின் தகுதியை மூன்று வினாக்களால் அளக்கலாம். இந்நோய் கொடியதா? தொடக்கத்தில் அறிந்தால் பயனுள்ள சிகிச்சை உண்டா? சோதனையால் வரும் நன்மை, அதனால் வரும் துன்பத்தினும் பெரிதா? மேற்கூறிய சோதனைகள் இவ்வினாக்களுக்கு ஈடு கொடுப்பவை. விளம்பரங்களில் வரும் நீண்ட பட்டியல்கள் யாவும் அவ்வாறல்ல. மேலும், ஒரு சோதனையின் முடிவும் ஒரு நோக்கே. நோய் உண்டு என்று காட்டியது பொய்யாகலாம். இல்லை என்று காட்டியதும் பொய்யாகலாம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சாமலும் களியாமலும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே ஸ்யாத்வாதம் அறிந்தோர்க்கு அழகு.

வினைப்பயன் என்னும் தடை

"நோய் அசாதா வேதனீய வினையின் பயன். வருவதை யார் தடுக்க இயலும்?" என்பது நம்மவரிடையே எழும் மற்றொரு தடை. வினை உண்டு என்பது உண்மை. ஆனால் வினை பழுப்பதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய துணைக்காரணங்கள் வேண்டும் என்றும் நம் ஆசாரியர்கள் கூறியுள்ளனர். முயற்சிக்கு இடமே இல்லையென்றால் நோன்புக்கும் தவத்துக்கும் பொருள் இல்லாமற் போகும்.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு ஆகியவற்றை விளக்க ஓடத்தை உவமை கூறுவது நம் மரபு. ஓடத்தின் துளை வழியே நீர் புகுவது ஊற்று. துளையை அடைப்பது செறிப்பு. புகுந்த நீரை இறைப்பது உதிர்ப்பு. துளை விரலளவு இருக்கும்போது கண்டவன் எளிதில் அடைப்பான். ஓடம் பாதி மூழ்கிய பின் கண்டவன் என் செய்வான்? "துளை வினையால் வந்தது" என்று கூறி ஓடக்காரன் கைகட்டி அமர்ந்தால், அவனோடு ஏறியிருப்போரும் மூழ்குவர். இல்லறத்தானின் ஓடத்தில் மனைவி, மக்கள், முதிய பெற்றோர் ஆகியோரும் உள்ளனர் அல்லவா?

நம் நோன்புகளும் பரிசோதனையும்

நம் ஒழுக்கம் பரிசோதனைக்குத் தடையன்று, துணையே ஆகும். வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனைக்கு 8 மணி நேரமேனும் உண்ணாதிருத்தல் வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் இரவுண்ணா விரதத்தார்க்கு இது இயல்பாகவே அமைகிறது. மூன்று மாத காலச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு உண்ணாதிருத்தலே தேவையில்லை.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், தசலட்சண பருவத்தில் உபவாசம் மேற்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். உணவின்றி வழக்கமான மருந்தை உட்கொண்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம்.

புலால் நீக்கிய நமக்குரிய மற்றொரு சோதனை வைட்டமின் பி12 ஆகும். இச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. முதுமையில் உணவு குறைவதாலும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வதாலும் இது மேலும் குறையக்கூடும். கால் மரத்தல், தள்ளாட்டம், மறதி ஆகியவற்றை மூப்பின் குறி என்று விட்டுவிட்டால் நரம்புகளின் கேடு நிலைத்துவிடலாம். தொடக்கத்தில் அறிந்தால் எளிய மாத்திரையாலோ ஊசியாலோ சீராகும். மருந்துக்குரிய பி12 நுண்ணுயிர்களின் நொதித்தலால் ஆக்கப்படுவது. கேப்சூல் உறைகள் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. ஆதலின் மாத்திரை வடிவில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் தயங்காது கேட்கலாம். அகிம்சையும் காக்கப்படும், உடலும் காக்கப்படும்.

மறைத்தலின் கேடு

நம் சமூகம் சிறியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அறிந்த ஊர்களுக்குள்ளேயே நிகழ்வன. "தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மகளைக் கேட்டு வருவார்களா?" என்னும் அச்சத்தால் சோதனைக்கே செல்லாதோர் உண்டு; சென்று அறிந்தும் மறைப்போர் உண்டு. நாணத்தால் மார்பகக் கட்டியைக் கணவரிடமும் சொல்லாத சிராவகியரும் உண்டு.

புற்றுநோய் தொற்றுநோயன்று. பரம்பரையாக வரும் மரபணுக் கேட்டால் உண்டாவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே. அத்தகைய குடும்பமாயினும் மறைத்தலால் நன்மை இல்லை. தாய்க்கோ தமக்கைக்கோ இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்தது என்று அறிந்த மகளே, உரிய காலத்தில் மருத்துவரை நாடித் தன்னைக் காத்துக்கொள்ள இயலும். திருமணத்தைக் காப்பதாக எண்ணி மறைத்த செய்தி, அம்மகளின் உயிர்க்கே ஊறாக முடியலாம். பிறர் நோயைப் பழித்தும் பரப்பியும் பேசுவதும் இம்சையே என்பதை நாம் உணர்ந்தால், மறைப்போரின் அச்சம் தானே நீங்கும்.

நாம் செய்யத்தக்கவை

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களில் மருந்து ஒன்று. நம் புலவர்கள் காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்தின் பெயர்களையே இட்டனர். அறமும் மருந்தும் நம் முன்னோர் உள்ளத்தில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இது சான்று. நோய் முற்றிய பின் மருந்துக்குப் பொருள் தருவது ஔஷததானம் என்றால், முற்றாமல் அறிய உதவுவது அதனினும் முந்திய ஔஷததானம் ஆகும்.

ஜினாலயத் திருவிழா நாட்களில் ஊரார் ஒன்று கூடுகின்றனர். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து அன்று கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கச் செய்யலாம். ஆனால் முகாமோடு நிறுத்துவதால் பயன் சிறிதே. குறை காணப்பட்டவர் மருத்துவமனைக்குச் சென்றாரா என்று மறுமாதம் சென்று கேட்கவும், தனித்திருக்கும் முதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லவும் இளைஞர் இருவர் ஊர்தோறும் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு குறிப்பேடு வைத்து, அளவுகளையும் நாட்களையும் எழுதி வருதல் நன்று. வெளியூரில் உள்ள மக்கள், பெற்றோரிடம் தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு "இம்மாதம் கொதிப்பு எவ்வளவு?" என்றும் கேட்கட்டும்.

மேற்சிகிச்சை தேவைப்பட்டால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், அடையாறு நிலையமும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், புதுவை ஜிப்மரும் உள்ளன. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணை செய்கிறது. செலவுக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளுவோர் ஒன்றை நினைக்க வேண்டும்: தொடக்க நிலையின் செலவு பெரும்பாலும் சிறிது, முற்றிய நிலையில் நிலத்தை விற்றும் பயன் காணாதோர் பலர்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. அறிந்து துறத்தலுக்கும் அறியாமல் விடுதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. சல்லேகனைக்குரிய நோய்க்குச் சமந்தபத்திரர் கூறும் நிபந்தனை எது? அது நிறைவுற்றதை எவ்வாறு அறியலாம்?

3. நிச்சய நயத்தைக் காட்டி மருத்துவச் சோதனையை மறுப்பது ஏகாந்தம் ஆவது எங்ஙனம்?

4. ஒரு சோதனை தகுதியுடையதா என்று ஆராய உதவும் மூன்று வினாக்கள் எவை?

5. உங்கள் இல்லத்தில் 30 வயது கடந்தோர் யாவர்? அவர்கள் கடைசியாகச் சோதித்துக்கொண்டது எப்போது?

இறுதி வினாவுக்குரிய விடையை ஏட்டில் எழுதுவதோடு நில்லாமல், அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் செயலில் காட்டுமாறு நம் குடும்பத்தார் அனைவரையும் வேண்டுகிறோம். கிடைத்தற்கரிய இம்மானிடப் பிறவி, நோன்புக்கும் தானத்துக்கும் நெடிது பயன்படுவதாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் நலம் பெறுக!